மாலை போட்ட ஜெனரேட்டர்

அருள்புரத்துப் பனியன் கம்பெனி முதலாளி பொன்னுச்சாமி சாமிக்கு மட்டும்தான் பயப்படுவார். மற்ற யாரிடமும் வாய் கூசாமல் எதையும் சொல்வார். ஜெனரேட்டர் ஓட்டும் ராமர், சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து ஆறு வருஷமாக அந்த வாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

2008இல் மின்வெட்டு ஊரையே வாட்டி எடுத்தபோது கம்பெனிச் சட்டைகளை வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு திட்டம் கொண்டுவந்தான். கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர்கள் சேரலாம். முழுக்கக் காற்றாலை மின்சாரத்தில் தைத்தால் சட்டையில் பச்சை இலை அட்டை தொங்கும், ஆர்டரும் கூடும். டீசல் மட்டும் ஒரு சொட்டு கூடாது. பொன்னுச்சாமி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். குண்டடத்தில் அவருக்கு ஒரு காற்றாடி இருக்கிறது. அது கொடுக்கும் மின்சாரம் பொதுக் கம்பியில் கலந்து கம்பெனி பில்லில் கழியும், அவ்வளவுதான். கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால், அங்கே காற்றாடி ஆடிக் காற்றில் சுற்றினாலும் இங்கே ஒரு பல்பு எரியாது. தினம் மூன்று மணி நேரம் எரியவைத்தது ராமரும் அவனுடைய டீசல் ஜெனரேட்டரும்தான். கையெழுத்துப் போடும்போதே இது பொன்னுச்சாமிக்குத் தெரியும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறக்கும் நாளில், பையர் சார்பில் சென்னையிலிருந்து சித்ரகலா என்பவள் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. முதலாளி ராமரைக் கூப்பிட்டார்.

"ஜெனரேட்டர் கெட்டு மூணு வருசமாச்சுன்னு சொல்லிக்கலாம் ராமரு. கரண்டு போற நேரத்துக்கு டீ பிரேக் உட்டுரலாம். நீ கம்முனு இரு, உன்ற வேலைக்கு நான் பொறுப்பு."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ராமர் தலையாட்டினான். மனைவி பாண்டியம்மாளுக்கு ஏழு மாதம். வேலை போனால் சாத்தூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

பூஜையன்று தையல் மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, முதலாளி தட்டோடு ஜெனரேட்டர் ரூமுக்கு வந்து நின்றார்.

"இதுக்கு வேணாம் மொதலாளி. அந்தம்மா பாத்தா என்ன நெனைக்கும்?"

"சோறு போடற மிஷினுக்குப் பூசை பண்ணாம உடறதா? சாமி குத்தமாயிரும்."

சந்தனம், குங்குமம், பெரிய சாமந்தி மாலை, வாசலில் உடைத்த பூசணிக்காய். சாமியிடம் மட்டும் யோக்கியனாக இருக்கிற இந்தப் புண்ணியவானைப் பார்த்து ராமருக்குக் காறித் துப்பலாம்போல் இருந்தது.

சித்ரகலா வந்த அன்று பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. சொல்லிவைத்தபடி எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். பில்களைப் பார்த்து முடித்தவள் ஜெனரேட்டர் ரூமைத் திறக்கச் சொன்னாள். உள்ளே மாலையையும் பொட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூணு வருஷமா ஓடாததுக்கு யாராவது பூஜை போடுவாங்களா சார்?"

"எடைக்குப் போடறமுங்க மேடம். ஊட்டை உட்டுப் போற பொருளு, மரியாதையா அனுப்போணுமில்லீங்க."

"இவர் யாரு?"

"இவனா மேடம்? பழைய இரும்புக் கடைக்காரன். எங்க ஆளில்லீங்க."

டீசல் நாற்றம் போகாத சட்டையோடு நின்ற ராமருக்கு உச்சி வரை சுட்டது. வேலைக்குப் பொறுப்பு என்று சொன்ன அதே வாய், ஆறு வருஷத்தை ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிட்டது. இவர் கொடுக்கும் வேலைக்கு சாத்தூர் பஸ்ஸே மேல் என்று தோன்றியது.

அவன் சித்ரகலாவிடம் பணிவாகச் சொன்னான்: "வாங்குற பொருள ஒருக்கா ஓட்டிப் பாத்துக்கிறேன் மேடம். இரும்பு வெலையா, மிஷின் வெலையான்னு தெரியணும்ல."

முதலாளி கையை நீட்டுவதற்குள் சாவியைத் திருப்பிவிட்டான். ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பியது. ஹாலில் வரிசையாக டியூப் லைட் எரிந்தது. சத்தம் கேட்டதும், எப்போதும்போல, அறுபது பேரும் டீ டம்ளரை வைத்துவிட்டு மிஷினுக்கு ஓடிவந்தார்கள். டெய்லர் செல்லாத்தாள் மட்டும் வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் ராமரு, தெனமும் உடனே போட்டுருவ, இன்னைக்கு ஏன் இத்தன நேரம்?"

சித்ரகலா பேனாவைத் திறந்தாள். ராமர் சாவியை உருவி பொன்னுச்சாமியின் உள்ளங்கையில் வைத்தான்.

"இனி நீங்களே ஓட்டிக்கங்க மொதலாளி."