லேடீஸ் பேட்ச் வண்டிகள்

"அந்த வண்டியில முன் பிரேக் பிடிக்காதேங்க. சரிபண்ணிக் குடுத்தீங்களா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டிருக்கவே கூடாத கேள்வி.

கணவன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். அதுவரை குஷியாக இருந்தவன்தான். பழைய பயிற்சி வண்டி ஒன்றை லேடீஸ் பேட்ச்சில் கற்றுக்கொண்ட நர்ஸ் ஒருத்தியின் தலையில் கட்டிவிட்ட கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது சிரிப்பின் மிச்சம் உதட்டோரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பிடிக்காதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"தினம் துடைச்சுப் போடுறது நான்தானே. துடைக்கும்போது பார்த்தேன்."

"பார்த்தா தெரியாதே." அவன் விரல்களைத் தட்டின் விளிம்பில் ஒவ்வொன்றாக வழித்தான். "பிரேக் உறைக்குள்ள இருந்த கம்பியை உருவினவன் நான். லீவர் தொளதொளன்னு ஆடக் கூடாதுன்னு ரப்பர் கட்டை வெச்சவனும் நான். நிக்கிற வண்டியில அமுக்கினா அசல் பிரேக் மாதிரியே கனமா இருக்கும். ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். குடிக்காமலே திரும்ப வைத்துவிட்டாள்.

"ஓட்டிப் பார்த்தாத்தான்," என்றான் மறுபடி, இன்னும் மெதுவாக.

அந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் அவனை மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குக் கீழேயே சுற்றுச்சுவர் வைத்த மைதானம். தரையில் வெள்ளைச் சுண்ணாம்பால் எட்டு. ஓரத்தில் தகர ஷெட்டு, அதில் வரிசையாகப் பைக்குகள். காலையும் மாலையும் ஆண்கள் பேட்ச், மதியம் லேடீஸ் பேட்ச். வாசல் பலகையில் 'பெண்களுக்குச் சிறப்புக் கவனம்' என்று சிவப்பு எழுத்து. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்து நல்ல பேர் எடுத்தவன். அவன் மனைவி மட்டும் வண்டியின் சீட்டைத் துடைக்கலாம், அதில் உட்காரக் கூடாது. "மாஸ்டர் பொண்டாட்டி மைதானத்துல விழுந்து எழுந்தா எவன் எங்கிட்ட கத்துக்க வருவான்?" என்பது அவன் கட்சி.

அவள் மாடி ஜன்னலில் நின்றே கற்றுக்கொண்டாள். ஆண்கள் பேட்ச்சுக்கு அவன் சொல்வதையும் லேடீஸ் பேட்ச்சுக்குச் சொல்வதையும் சேர்த்துக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். ஆண்களிடம், "ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி. வண்டியை நிறுத்துறது முன் பிரேக்தான்" என்பான். பெண்களிடம், "முன் பிரேக்கைத் தொட்டா குட்டிக்கரணம்தாம்மா. கிளட்ச்சைப் பிடி, பின் பிரேக்கை மிதி, போதும்" என்பான்.

ஆண்களை லைசென்ஸ் தேர்வுக்குக் கூட்டிப்போகும் நாட்களில் மதியம் மைதானத்தில் மாஸ்டர் இருக்க மாட்டான். அப்படியொரு மதியம், குடிதண்ணீரோடு கீழே வந்த அவளைப் பார்த்து வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவள் கேட்டாள்.

"தினம் மேல நின்னு எங்க மானத்தைப் பார்க்குறீங்களே, கீழ வந்து உங்க மானத்தையும் கொஞ்சம் காட்டுங்க மாடியக்கா."

அன்றிலிருந்து அவள் மாடியக்கா. வெல்டிங்காரி பின்னால் பிடிக்க, நர்ஸ் முன்னால் பின்வாக்கில் நடந்துகொண்டே "என்னைப் பாருங்க, தரையைப் பார்க்காதீங்க" என்று சொல்ல, அவள் முதல் சுற்று ஓட்டினாள். ஓட்டி முடித்து மூன்று பேரும் ஷெட்டு நிழலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெல்டிங்காரி புருஷனைத் துரத்திவிட்ட கதையைச் சொல்வாள். நர்ஸ் வார்டில் செத்துப் போனவர்களைப் பற்றிச் சொல்வாள். கல்யாணமாகி வந்த பிறகு மாடியக்காவுக்கு வாய்த்த சிநேகிதம் அந்த இரண்டு பேர்தான். "எப்படி இருக்கே" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தவர்களும் அவர்கள்தான்.

"முன் பிரேக்கையும் பிடிக்கணும்டி, ஆம்பளைங்களுக்கு அப்படித்தான் சொல்றார்" என்று அவள் ஒருநாள் சொன்னபோது நர்ஸ் சிரித்தாள். "அது ஆம்பளை பிரேக் போலிருக்கு. நமக்குப் பொம்பளை பிரேக் போதும்க்கா."

மாடியக்கா ஓட்டும்போது அதைப் பிடித்துப் பார்த்தாள். வண்டி நிற்கவில்லை. பழைய வண்டிதானே, தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இப்போதுதான் தெரிகிறது, தேயவில்லை.

"அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க," என்றாள் கணவனிடம். "மலை ஆஸ்பத்திரிக்கு அதுலதான் போயிருக்கா. ஏறும்போது ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் இறங்கணும்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பார்வை அலமாரிப் பக்கம் போனது. அலமாரி மேல் இருந்த அவள் போனை அவன் எட்டி எடுத்தான். திறந்தான். பார்த்தான். வெல்டிங்காரி எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் தன் மனைவியின் முகத்தை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடிப்பான் என்று நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"என்னை என் மைதானத்துலயே கேனையனாக்கியிருக்க."

"என்னை என்ன வேணா பண்ணுங்க. அவளுக்கு மட்டும் சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்ல? பிரேக்கை நானே கழட்டினேன்னா? முன்ன எவளோ ஒருத்தி முன் பிரேக்கைப் பிடிச்சுக் குப்புற விழுந்தா, அவ வீட்டு ஆளுங்க வந்து என் சட்டையைப் பிடிச்சாங்க. அன்னைக்குக் கழட்டினேன். ஒவ்வொருத்திக்கும் உக்காந்து சொல்லிக் குடுக்க எனக்கு என்ன வேற வேலை இல்லையா? சனிக்கிழமை சர்வீசுக்கு வரச் சொல்லியிருக்கேன். அப்போ சத்தமில்லாம மாட்டிடுவேன்."

"இன்னைக்கு இறங்கணுமேங்க."

"எல்லாம் இறங்குவா." கையைக் கழுவினான். கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தான். "நீ கீழ இறங்கின, அப்புறம் இந்தப் படி ஏற வேண்டாம்."

அவன் சொன்னால் செய்கிறவன். அவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை. தம்பி வீட்டில் இரண்டு நாள் தங்கினாலே தம்பி மனைவியின் முகம் சுளிக்கத் தொடங்கிவிடும்.

ஜன்னலில் நின்றாள். கீழே மாலை பேட்ச் கூடிவிட்டது. மலை தெரிந்தது. அதன் இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கும் சாலை தெரிந்தது. இந்நேரம் நர்ஸ் சீருடை மாற்றிக்கொண்டிருப்பாள். முதல் தடவை இறங்குகிறாளே என்று துணைக்கு வெல்டிங்காரியும் தன் வண்டியில் மேலே போயிருக்கிறாள். இரண்டு பேரும் ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புவார்கள். கிளட்ச்சைப் பிடி, பின் பிரேக்கை மிதி, போதும்.

அவள் படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது.

படி முடியும் இடத்தில் ஆண்கள் பேட்ச் வண்டி ஒன்று சாவியோடு நின்றிருந்தது. ஓட்டி முடித்து இறங்கிய ஆள் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அவள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். அடுத்தவன் வியர்வை வாடை. சேலையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி உறுமியதும் மைதானம் முழுக்கத் திரும்பியது.

"மாஸ்டர், நம்ம அண்ணி மாதிரி இருக்கே," என்றான் ஒருவன். யாரோ சிரித்தார்கள்.

மாஸ்டர் வேகமாக நடந்துவந்து வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான்.

"இறங்கு."

அவன் குரல் உயரவேயில்லை. நேராகப் போக வழியில்லை. கைக்குப் பழகிய வழி ஒன்றுதான். வெள்ளைக் கோட்டில் ஏறி, எட்டின் மேல்வளைவைச் சுற்றி, இடையில் குறுக்கே வந்து, கீழ்வளைவைச் சுற்றினாள். கால் தரையில் படவில்லை. மாஸ்டர் இந்தப் பக்கம் ஓடிவருவதற்குள் வண்டி அந்தப் பக்கம் வாசலைத் தாண்டிவிட்டது.

சுவருக்கு வெளியே அவள் ஓட்டியதே இல்லை.

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி போனது. யாரோ திட்டினார்கள். கண் இரண்டிலும் நீர் கட்டிக்கொண்டு சாலை கலங்கியது. துடைக்கக் கையை எடுக்கப் பயம். பின்னால் அவன் வருகிறானா என்று கண்ணாடியில் பார்க்க அதைவிடப் பயம். மலைச்சாலை தொடங்கியதும் இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் வெறும் காற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நர்ஸ் கீழே கிடப்பது போலவே கண்ணுக்குத் தோன்றியது.

நான்காவது வளைவிலோ ஐந்தாவதிலோ வெல்டிங்காரி எதிரே வந்தாள். அடையாளம் கண்டு கையைத் தூக்கி ஆட்டினாள். வாயெல்லாம் பல்.

அவளுக்குப் பின்னால் நர்ஸ்.

நர்ஸின் வண்டி ஓசையே இல்லாமல் வந்தது. கிளட்ச்சைப் பிடித்திருக்கிறாள். எஞ்சின் பிடிமானம் விட்டு, வண்டி தன் கனத்தில் தானே உருண்டு, வேகம் ஏறிக்கொண்டிருந்தது. பின் சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம். கடந்துபோன ஒரு கணத்தில் தெரிந்த முகத்தில் ரத்தமே இல்லை.

மாடியக்கா வண்டியைத் திருப்பினாள். எப்படித் திருப்பினாள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. இறக்கத்தில் விரட்டினாள். பயத்தில் தொண்டைக்குள் ஏதோ சத்தம் வந்துகொண்டேயிருந்தது. நர்ஸுக்குப் பக்கவாட்டில் வந்து சேர்ந்ததும் கத்தினாள்.

"இடது கையை விடு! கிளட்ச்சை விடு!"

நர்ஸ் தலையை ஆட்டினாள். முடியாது என்று.

"என்னைப் பாருடி. தரையைப் பார்க்காத. விரலை மெதுவா விடு. ஆங். இப்போ கியரை இறக்கு. இன்னும் ஒண்ணு."

எஞ்சின் வலியில் கத்துவது போலக் கத்தியது. வண்டி குலுங்கி, தயங்கி, வேகம் குறைந்தது. "பாறைப் பக்கமா ஓட்டு, மண்ணுல ஏத்து" என்று சொல்லச் சொல்ல நர்ஸ் ஓரத்து மண்ணில் ஏற்றி, அப்படியே சாய்ந்து விழுந்தாள்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. முழங்கை தோல் போயிருந்தது. அவ்வளவுதான். திரும்பி ஓடிவந்த வெல்டிங்காரி இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்துச் சொன்னாள்.

"பிடிச்சேன்க்கா," என்றாள் நர்ஸ். பல் தந்தியடித்தது. "பின் பிரேக் போனதும் நீங்க சொன்னீங்களேன்னு முன் பிரேக்கைப் பிடிச்சேன். கையில நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணுமே நடக்கல."

மாடியக்கா நடந்ததைச் சொன்னாள். கம்பியை, ரப்பர் கட்டையை, சனிக்கிழமையை. சொல்லி முடித்ததும் வெல்டிங்காரி எழுந்து நின்றாள்.

"நீ அந்த வீட்டுக்குப் போகாத. எங்கூட வா. ஒரு ரூம்தான், ஆனா கதவு உள்பக்கமாப் பூட்டும்."

"வரேன். அதுக்கு முன்னால மைதானத்துக்குப் போகணும். ஷெட்டுல லேடீஸ் வண்டி இன்னும் மூணு நிக்குது. நாளைக்கு மதியம் அதுல ஏறுவாங்க."

"பயமா இல்லையா?"

"வாந்தி வர்ற மாதிரி இருக்கு," என்றாள்.

விழுந்த வண்டியை ஓரத்திலேயே விட்டுவிட்டு, நர்ஸை வெல்டிங்காரியின் பின்னால் உட்கார வைத்தார்கள். இரண்டு வண்டிகளும் மைதானத்துக்குள் நுழைந்தபோது பேட்ச் கலையவில்லை. இலவசமாகக் கிடைத்த கூத்தை முழுசாகப் பார்க்காமல் போவதற்கு அவர்களுக்கும் மனசில்லை. மாஸ்டர் முகத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான். நர்ஸின் வீங்கிய கையைப் பார்த்தான். சட்டென்று குரலில் தேன் ஏறியது.

"அடடா, விழுந்துட்டியாம்மா? இதுக்குத்தான் அவசரப்படாதேன்னு அவ்வளவு சொன்னேன். பழைய வண்டி பாரு, பிரேக் தேய்ஞ்சிருக்கும்." பேட்ச்சைப் பார்த்துத் திரும்பினான். "பாத்தீங்களா, நம்ம வீட்டம்மாவே போய்க் கூட்டிட்டு வந்துட்டாங்க. யார் சொல்லிக் குடுத்தது?"

சிலர் கை தட்டினார்கள்.

"தேயல," என்றாள் அவள்.

கைதட்டலில் அது பாதிதான் கேட்டது. மறுபடி சொன்னாள். "தேயல. அவர்தான் கழட்டினார்."

"மேல போ," என்றான் மாஸ்டர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் மேலே போகவில்லை. ஷெட்டுக்குள் போனாள். வெல்டிங்காரி பக்கத்தில் நடந்தாள். கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நர்ஸும் வந்தாள். லேடீஸ் வண்டிகளில் முதலாவதை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, எல்லோரும் பார்க்கும்படி வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். நடுமைதானத்தில் முன் பிரேக்கை முழுசாக அமுக்கிப் பிடித்தபடி தள்ளினாள்.

முன் சக்கரம் நிற்காமல் உருண்டது.

பிறகு பேட்ச்சின் பின்வரிசையிலிருந்து, சற்று முன்பு கைதட்டியவர்களில் ஒருவன், முன்னால் வந்தான்.

"மாஸ்டர், என் வீட்டுக்காரி எந்த வண்டியில ஓட்டுறா?"

மாஸ்டர் நகர்ந்து ஷெட்டை மறைத்து நின்றான்.

"என் பொண்ணும் மதியம்தான் வர்றா," என்றார் இன்னொருவர். "சிவப்பு வண்டின்னு சொன்னா."

சிவப்பு வண்டி ஷெட்டில் இரண்டாவதாக நின்றது. கணவனைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும். தாண்டிப் போய், அதன் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டாள்.