முப்பத்தெட்டாவது கடிதம்

எங்கள் பங்கு சர்ச்சின் இளைஞர் தியானத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலைக்குப் புறப்படும் முன், பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவரவர் பெற்றோரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிவிடுவோம். சனிக்கிழமை மாலை ஆராதனையில் பெயர் சொல்லிக் கொடுப்போம். கல்நெஞ்சக்காரனும் அழுதுவிடுவான். கடிதம் சேகரிப்பது செயலாளர் வேலை. செயலாளர் வேறு யார், இந்த இளவரசன்தான்.

முப்பத்தேழு கடிதம் வந்துவிட்டது. வராதது ஜெனிட்டாவுக்கு மட்டும். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டதற்காக அவள் அப்பா பிச்சைமுத்து ஒரு வருஷமாக அவளோடு பேசுவதில்லை. அம்மா இல்லாத பெண். தென்னூரில் பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டு பேக்கரி வேலைக்குப் போகிறாள். பாலக்கரையில் அவருடைய தையல் கடைக்கு நான் மூன்று முறை நடந்தேன். எழுதுகிறேன் என்பார், தைக்கிற துணியிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார்.

எல்லோர் கையிலும் கடிதம் இருக்க அவள் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நானே எழுதிவிட்டேன். அவர் எழுத்தை அவள் எங்கே பார்த்திருக்கப் போகிறாள், அளவு நோட்டில் இருப்பது எண்கள்தானே? 'பாப்பா, எனக்குக் கோபம் போய்விட்டது' என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? மலையிலிருந்து இறங்கியதும் நேராக வீட்டுக்குச் சாப்பிட வா என்றும் எழுதித் தொலைத்தேன்.

கொல்லிமலையில், சிற்றாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதை நான்கு தடவை படித்தாள். பிறகு என்னிடம் வந்து, அப்பாவோடு பேச வேண்டும் என்று போன் கேட்டாள். எல்லோருடைய போனும் என் பையில்தான் இருந்தது. அடிவாரம் போகும்வரை போன் கிடையாது என்று பெரிய ஒழுக்கசீலன் மாதிரி சொன்னேன். பையின் ஜிப்பை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாட்டுப் பாடினால் வரி மறந்தது. ஞாயிறு காலையில் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் எல்லோரும் நின்றார்கள், நான் மட்டும் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். போய் அவளிடம் உண்மையைச் சொல் என்பார் சாமியார். அது எனக்கே தெரியும், அதற்கு எதற்கு வரிசை?

இறங்கும்போது எழுபது கொண்டை ஊசி வளைவு. அடுத்த வளைவில் சொல்லிவிடலாம், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்றே அத்தனையும் தீர்ந்துபோனது. தென்னூரில் இறங்கப் போவதில்லை, பாலக்கரைக்கு அப்பா வீட்டுக்கே போகிறேன் என்று அவள் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டுக் கதவு திறக்காமல் போனால் அவள் முகம் எப்படி ஆகும்? நினைக்கவே பயமாக இருந்தது.

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். போன் பையைத் திறந்துதான் ஆகவேண்டும். அவள் தன் போனை எடுத்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் போனாள். பேசினாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி பேசினாள். என் டீ ஆடை கட்டிவிட்டது. திரும்பி வந்தவளை நிறுத்தினேன்.

"ஜெனி, அந்த லெட்டரு..."

"அப்பாதான் எழுதுனாராம். கேட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். போன் அடித்தது. பிச்சைமுத்து.

"தம்பி, நான் எழுதுன லெட்டரைப் படிச்சுட்டு பாப்பா அழுவுது. எழுதுனது நீதானே?"

மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பித்தேன். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று தடுத்துவிட்டார்.

"சாப்பிட வான்னு எழுதியிருக்கியாமே. என்ன கொழம்புன்னு எழுதுனே?"

"அதெல்லாம் எழுதலைங்க. அவங்களுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியாதே."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றார். போனை வைத்துவிட்டார்.