பன்னிரண்டாவது ஆள்

டணாரென்று பித்தளைக் குடம் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கை நழுவிய குடத்தை எடுக்கக் குனிந்தவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, அன்று காலையில்தான் மழித்த தலை. இறந்தவரின் மகள் மோகனப்பிரியா அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“நீர்மாலை எடுக்கப் பங்காளி யாரும் இருக்காங்களான்னு கேட்டீங்கள்ல? நான் எடுக்கிறேன்” என்றார் சடங்கு நடத்தும் பண்டாரத்திடம்.

அவள் கணவன் ஷங்கர் வேகமாக எழுந்து போய்க் குடத்தை எடுக்கவிடாமல் தடுத்தான். “அங்கிள், புளோக் மாறி வந்துட்டீங்க போல லா. இது மாணிக்கம் வீட்டுச் சாவு.”

“மாணிக்கத்துக்குத்தான் தம்பி மொட்டை போட்டுட்டு வந்திருக்கேன்.”

நீர்மாலை என்பது இறுதிச் சடங்குக்குப் பங்காளி போய்த் தண்ணீர் எடுத்து வருவது. தகப்பன் வழியில் ஒரே ரத்தமாக இருப்பவர்கள்தான் பங்காளி. அப்பா மாணிக்கமோ இருபது வயதில் இந்தியாவிலிருந்து தனியாக இந்த ஊருக்கு வந்தவர். அவருடைய அப்பா வீராசாமி, காலாட்படைப் பட்டாளம் ஒன்றில் சிப்பாய். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுவதற்கு முதல் நாள் ஒரு பாலத்தைக் காத்து நின்று செத்தவர். அப்போது அப்பா ஊரில் கைக்குழந்தை. போரில் செத்தவர்களுக்கான கிராஞ்சி நினைவகச் சுவரில் தாத்தா பெயர் இருக்கிறது. பங்காளி எங்கிருந்து வருவார்?

அந்தப் பட்டாளத்தின் போர்க்கால வரலாற்றை எழுதத்தான் அப்பா முப்பது வருடம் செலவழித்தார். நானூறு பக்கப் புத்தகம் போன வாரம்தான் அச்சாகி வந்தது. இப்போது அது அவர் நெஞ்சின்மேல் இருந்தது. வண்டி மண்டாய்ச் சுடலைக்குக் கிளம்பும் முன் அவள் அதன் கடைசி அத்தியாயத்தை வாசிப்பதாக ஏற்பாடு.

“உங்க பேரு என்ன?” என்று கேட்டாள்.

“மருதையா. சிராங்கூன்ல இருக்கேன்மா. மாணிக்கம் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே அப்பா.”

“எங்க தாத்தா நாப்பத்திரண்டுலயே செத்துட்டாரு. நீங்க அதுக்கு முன்னாடியே பொறந்தவரா?”

“நான் அம்பதுல பொறந்தேன்.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மருதையா சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார்.

கோப்பிக்கடை மேசை. மடியில் நோட்டுப் புத்தகத்தோடு கறுத்த முடியுடன் அப்பா. பக்கத்தில் ஒரு கிழவர். கண்ணாடிப் பேழைக்குள் இப்போது கண்மூடிக் கிடக்கும் முகம் எதுவோ, அச்சாக அதே முகம் அந்தக் கிழவருக்கு.



“சண்டை நடக்கறப்பவே உடுப்பை அவுத்துப் போட்டுட்டு ஓடி வந்துட்டாரும்மா. சிராங்கூன் ரோட்டு மாட்டுக்கொட்டாய்ல ஒளிஞ்சிருந்தாரு. பேரை மாத்திக்கிட்டு அங்கேயே பால் கறந்தாரு, எங்கம்மாவைக் கட்டிக்கிட்டாரு. வெக்கம், ஊர்ப் பக்கம் போவல. அண்ணன் எப்படியோ விசாரிச்சு வந்துட்டாரு. தொண்ணூத்தாறுல அப்பா தவறுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு.”

ஞாயிற்றுக்கிழமை. “சிராங்கூன்ல ஒரு பழைய சிப்பாய் இருக்காரு, பேசிட்டு வரேன்” என்று அப்பா கிளம்பிப் போன ஞாயிற்றுக்கிழமைகள். வருடா வருடம் கிராஞ்சிச் சுவருக்கு முன்னால் அவளைக் கைகூப்ப வைத்ததும் அதே அப்பாதான்.

“பிரியா, இவரை அனுப்பிடவா?” என்று ஷங்கர் காதருகே கேட்டான். “வண்டி வந்துடும்.”

கடைசி அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். முதல் வரி மனப்பாடம். ‘பாலத்தைக் காத்த பன்னிரண்டு பேரும் அங்கேயே மடிந்தார்கள்.’ யார் யாருக்கு எங்கே குண்டு பட்டது, யார் தண்ணீர் கேட்டார், யார் எந்தச் சாமியைக் கூப்பிட்டார், எல்லாம் அதில் இருந்தது. “பன்னெண்டு பேரும் செத்துட்டாங்கன்னா இதெல்லாம் யாருப்பா பாத்துச் சொன்னது?” என்று ஒருநாள் கேட்டாள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு டீ போட எழுந்து போய்விட்டார்.

“நேரமாவுதும்மா. யாரு எடுக்கிறதுன்னு சொல்லுங்க” என்றார் பண்டாரம்.

மோகனப்பிரியா உருண்டு கிடந்த குடத்தை எடுத்து, ஒட்டியிருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மருதையாவிடம் நீட்டினாள். அவர் வாங்கக் கை வைத்த பிறகும் அவள் விடவில்லை.

“சித்தப்பா, அந்தப் பாலத்து அத்தியாயம்... அது?”

மருதையா பேழையைப் பார்த்தார். அதன்மேல் கிடந்த மாலைகளைப் பார்த்தார்.

“அப்பாதாம்மா சொன்னாரு, அண்ணன் எழுதிக்கிட்டாரு. பதினோரு பேரு செத்ததையும் சொல்லி முடிச்சுட்டு, ‘என்னையும் அதுல சேத்துரு மாணிக்கம், நானும் அன்னிக்குத்தான் செத்தேன்’னாரு.”