வளையத்துக்குள் இரண்டு ஓணான்கள்

ஓணானை விட்டு வழக்குத் தீர்க்கிற ஊர் எங்களுடையது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். கோர்ட்டுக்குப் போக ஒரு பகல் முழுக்கக் காரோட்ட வேண்டும். போனாலும் அங்கே கோட்டு மாட்டியவன் எங்கள் சண்டையைக் காது கொடுத்துக் கேட்பான் என்று என்ன நிச்சயம்? அதனால் யாராலும் தீர்க்க முடியாத தகராறு என்றால், மோரீனின் மதுக்கடைக்குப் பின்னால் கூழாங்கல் பரவிக் கிடக்கிற தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுவோம். நடுவில் கவிழ்த்த வாளி. அதற்குள் ஆளுக்கொரு ஓணான். கயிற்றை இழுத்து வாளியைத் தூக்கியதும் எது முதலில் கோட்டைத் தாண்டுகிறதோ, அதைக் கொண்டுவந்தவர் பக்கம் தீர்ப்பு. தொடக்கூடாது, விரட்டக்கூடாது, பிடித்த இடத்திலேயே அன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். வளையம் சொன்னபிறகு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

என் புருஷன் தனாசியும் நானும் அந்த வளையத்துக்குப் போவோம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தகராறு இதுதான். அவனுக்கு அடிலெய்டுக்குக் குடிபோக வேண்டும். எங்கள் மகள் வூலா அங்கே இருக்கிறாள், கடல் இருக்கிறது, தூண்டில் போடலாம். முக்கியமாக, விமானத்தில் வந்துபோகிற டாக்டர், இத்தனை வருஷம் ஓப்பல் என்கிற ரத்தினக் கல்லுக்காகச் சுரங்கம் குடைந்த தூசியெல்லாம் அவன் நெஞ்சில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நானோ வரமாட்டேன் என்றேன். பாறையைக் குடைந்து நாங்களே செய்த வீடு. சமையலறைச் சுவரில் இன்னும் என் உளியின் தடம் இருக்கிறது. வீட்டையாவது விட்டுவிடுவேன், வாசலில் இருக்கிற என் ஓணான்களை எப்படி விடுவது?

மற்றவர்கள் அவற்றை டிராகன் என்பார்கள். ஏதோ நெருப்புக் கக்குகிற மாதிரி. பாவம், அவை வெயிலைத் தின்று வாழ்கிற பிராணிகள். எங்கள் வேலிக் கம்பத்தில் ஒரு தாடி ஓணான் குடியிருக்கிறது. கோபம் வந்தால் தாடியை ஊதிக் கறுப்பாக்கிக்கொள்ளும்; கோபம் தணிந்தால் ஒரு கையை மெல்லத் தூக்கி அசைக்கும், போய் வா என்கிற மாதிரி. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடு ஒவ்வொன்றின் உச்சியிலும் வலை போட்ட முதுகோடு ஒன்று உட்கார்ந்து ஊரை மேய்க்கும். உப்பங்கீரைப் புதரில் ஒரு ஜாதி. உடம்பு நீலம், தலை மஞ்சள், கல்யாணத்துக்குக் கிளம்பியவன் தோற்றான். மேற்கே செம்மண் மேட்டில் சிப்பாய் ஓணான். அது ஓடினால் புழுதிதான் தெரியும், ஓணான் தெரியாது. காய்ந்த உப்பு ஏரிக்கு நடுவில்கூட ஒன்று வாழ்கிறது, அம்மாடி! புல் கிடையாது, நிழல் கிடையாது, உப்புப் பொருக்குக்கு அடியில் படுத்துக்கொண்டு எறும்புக்குக் காத்திருக்கும். எதுவும் பிழைக்காது என்று எல்லோரும் கைகழுவிய மண்ணில் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு தந்திரம் என்று எப்படிப் பிழைக்கின்றன! பார்க்கப் பார்க்க எனக்குத் திகட்டியதே இல்லை. தனாசிக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பேச்சு முற்றி, நான் காபிப் பாத்திரத்தை அவன் பக்கமாக வீசிவிட்டேன். படவில்லை, படவேண்டும் என்றும் வீசவில்லை. அவன் அதை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, வளையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் மோரீன் கடையில் உட்கார்ந்து, சிப்பாய் ஓணானைத்தான் கொண்டுவரப் போகிறேன், தெஸ்பினா மூட்டை கட்டவேண்டியதுதான் என்று ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறான். எனக்கு எரிந்தது. அவனுடையதைவிட வேகமானதாகப் பிடிக்கிறேன் என்று நானும் கறுவிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கி வாசலுக்கு உருட்டி வருவதற்குள் மனுஷன் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். நான் பார்க்கிறேன் என்று தெரியாது. இருமல் அடங்கியதும் வாயைத் துடைத்துக்கொண்டு, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சீழ்க்கை அடித்துக்கொண்டே உருட்டினான். போகலாம் வா என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை கத்தியபிறகு எந்த வாயால் சொல்வது? தோற்றுவிட்டால் போகிறது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று முடிவு பண்ணினேன்.

தோற்பதற்கென்றே படைத்த ஓணான் ஒன்று உண்டு. முள் ஓணான். இந்த மண்ணின் பூர்வகுடியான என் தோழி டாப்னியின் ஜனங்கள் அதை ஙியாரி என்பார்கள். உடம்பெல்லாம் முள், கழுத்துக்கு மேல் இன்னொரு பொய்த்தலை. ஒரு அடி வைப்பதற்குள் முன்னும் பின்னும் நாலுதரம் ஆடும், கடன்காரன் வீட்டு வாசலைத் தாண்டுகிறவன் போல. ஈர மணலில் நின்றாலே போதும், தோலிலிருக்கிற கோடுகள் வழியாகத் தண்ணீர் ஏறி வாய்க்கு வந்துவிடும். அப்படிப்பட்ட ராஜாவுக்கு ஓட்டம் எதற்கு? பந்தயத்தன்று காலையில் தார் ரோட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒன்றைப் பூப்போல எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பைகளை வாங்கி ஓணான்களை வாளிக்குள் விடுவது டாப்னியின் வேலை. விடுகிறவர் தீர்ப்பு வரும்வரை பேசக்கூடாது என்பது முறை. என் பையைப் பார்த்தாள், தனாசியின் பையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஊரே வந்திருந்தது. மோரீன் கயிற்றை இழுத்தாள். வாளி எழுந்ததும் என் முள் ஓணான் மட்டும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி, எங்கே வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நின்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம்தான் எல்லோரும் தனாசியின் ஓணானைத் தேடினார்கள். காணோம். வட்டத்துக்குள் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. சிப்பாய் என்றால் சும்மாவா, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டதே என்று ஒருவர் சொல்ல, புழுதியைப் பார்த்தேன் என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். மண்ணில் கிடக்கிற கல்லின் மினுக்கலைப் போகிற வண்டியிலிருந்தே பிடிக்கிற கண்கள் இவர்களுடையவை. அத்தனை பேரும் சொன்னால் பொய்யாகுமா? மோரீன் கையைத் தூக்கி, தனாசிக்குத்தான் ஜெயம் என்று அறிவித்துவிட்டாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. நிம்மதியாகத்தான் இருந்தது. தனாசியைப் பார்த்தேன். ஜெயித்தவன் முகமா அது? ரத்தம் சுண்டிப்போய் நின்றான்.

"ஓடிடுச்சா?" என்று கேட்டான். "நெஜமாவா? அது ஓடாதே."

ஓடாதா? என் முள் ஓணானை எடுக்க வட்டத்துக்குள் போனவள் அப்படியே நின்றேன். காலடியில் ஒரு கல். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் சிறிசு, பக்கத்தில் கிடந்த நூறு கல்லைப் போலவே உருண்டையாக, செம்பழுப்பாக. அந்தக் கல் மூச்சு விட்டது. குனிந்தேன். கல் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

கல் ஓணான். காதுத் துளைகூட வெளியே தெரியாது. பயந்தால் மற்றதெல்லாம் ஓடும், இது மட்டும் கல்லாகிவிடும். மிதிக்கப் போனாலும் அசையாது. இதைக் கொண்டுவந்து இங்கே யாரும் ஜெயித்ததில்லை, ஏனென்றால் யாரும் கொண்டுவருவதே இல்லை.

"மோரீன்," என்றேன், "தீர்ப்ப வாபஸ் வாங்கு. ரெண்டும் இங்கதான் இருக்கு."

கூட்டம் எட்டிப் பார்த்தது. எங்கே எங்கே என்று கேட்டார்கள். நான் விரலை வைத்துக் காட்டியபிறகும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. டாப்னி அதற்குமேல் தாங்கமாட்டாமல் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ரெண்டு பேரும் தோக்கறதுக்குன்னே தேடிப் புடிச்சு எடுத்தாந்திருக்கீங்க," என்றாள். "வாய மூடிட்டு நிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்க்கா."

தனாசி என்னையே பார்த்தான். "முள்ளன ஏன் கொண்டாந்த?"

"நீ சிலிண்டர் மேல உக்காந்தத பாத்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ எதுக்குடா இதக் கொண்டாந்த?" என்றேன். குரல் உடைந்துவிட்டது, யார் கேட்டால் எனக்கென்ன.

"தாடிக்காரன் கையாட்டினா நீயும் திருப்பிக் கையாட்டற," என்றான். "அடிலெய்டுல நீ யாருக்குக் கையாட்டுவ?"

மோரீன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். இரண்டு ஓணானும் நகர்வதாக இல்லை. அவளுக்குக் கடை திறக்க வேண்டும். "செல்லங்களா, வளையமே கைய விரிச்சிடுச்சு," என்றாள். "இனிமே நீங்களே பேசித் தொலைங்க."

ஊரில் இதற்கு முன் அப்படி ஒரு தீர்ப்பு வந்ததில்லை.

பிடித்த இடத்தில் விட்டுவர இருவரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். முள் ஓணானை ரோட்டோரத்தில் இறக்கிவிட்டேன். எறும்பு வரிசை ஒன்றைக் கண்டதும் எங்களை மறந்துவிட்டது. அடுத்து கல் சமவெளி. தனாசி ஓட்டிக்கொண்டே பேசினான். குளிர் வந்தால் ஓணானெல்லாம் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடுகின்றன, தன் நெஞ்சைப் பிசைவதும் அந்தக் குளிர்க்காற்றுதான், அவை தூங்குகிற மாசமெல்லாம் வூலா வீட்டில் இருந்துவிட்டு அவை எழுந்திருக்கும்போது நாமும் திரும்பி வந்துவிட்டால் என்ன என்று கேட்டான். இவன் இதையெல்லாம் எப்போது கவனித்தான்? இத்தனை நாள் இதைச் சொல்லாமல் எதற்குச் சண்டை போட்டோம் என்று திட்டினேன். பாத்திரத்தை வீசியது நீதான் என்று ஞாபகப்படுத்தினான். சரி, அப்படியே போய் வருவோம் என்றேன்.

வண்டியை நிறுத்தி, தொப்பிக்குள்ளிருந்து கல் ஓணானை எடுத்துத் தரையில் வைத்தான். வைத்த நொடியில் மறைந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்புக் கல், எல்லாம் ஒரே மாதிரி.

"இதுல எப்படிடா கண்டுபுடிச்ச?" என்றேன்.

அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"எங்க கண்டுபுடிச்சேன்," என்றான். "விடிஞ்சதுலேர்ந்து ஒவ்வொரு கல்லா தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன்."