வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்தவன்

எங்கள் குடும்பத்தில் யாரும் சிறைக்குப் போனதில்லை. போனாலும் போனதாகச் சொல்வதில்லை. என் தம்பியின் மகன் ஒன்றரை வருடம் உள்ளே இருந்தபோது, அவன் வெளிநாட்டில் பயிற்சிக்குப் போயிருப்பதாகத் தம்பியே உறவினர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னான். எந்த நாடு என்று கேட்டவர்களிடம், அங்கே குளிர் அதிகம் என்றான். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. யாராவது என்னிடம் கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். துடைத்து முடிப்பதற்குள் அவர்களே பேச்சை மாற்றிவிடுவார்கள். மரியாதை தெரிந்த உறவினர்கள்.

பையன் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைகளைச் சீரழித்து எடுத்த படங்களை இணையத்தில் தேடித் தேடிச் சேர்த்திருந்தான். போலீஸ் வந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போன அன்று தம்பி சொன்னான்: "பார்த்தான், அவ்வளவுதானே அண்ணே? யாரையாவது தொட்டானா?"

"அப்படின்னா ஒரு பாராட்டு விழா வச்சிடலாம்டா," என்றேன். "படத்துல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் பொம்மைங்கதானே!"

அவன் வெளியே வந்தபோது நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வாரம் ஒரு முறை மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும். எல்லாம் தெரிந்த ஒரு குடும்பத்து ஆள் கூட வர வேண்டும். உடனே தம்பிக்கு முதுகுவலி வந்தது. அவன் மனைவிக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. எங்கள் குடும்பத்தின் பெயர் ஓர் அறையில் அடிபடுகிறது என்றால், அங்கே மூத்தவன் உட்கார்ந்திருக்க வேண்டாமா? இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நானே கிளம்பினேன்.

மையம் என்பது ஒரு பல் வைத்தியரின் மேல்மாடி. கீழே பல்லைப் பிடுங்கினார்கள், மேலே வாயைப் பிடுங்கினார்கள். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சூரியன் உதிக்கும் படம் ஒன்று. அதைப் பார்த்தே மனிதர்கள் திருந்திவிடுவார்கள் போலிருக்கிறது. ஆலோசகர் என் மகள் வயதுப் பெண்.

"இவனை இன்னும் பத்து வருஷம் உள்ளேயே வச்சிருந்தா, நாம யாரும் இந்தப் படி ஏறியிருக்க வேண்டாமே அம்மா?" என்று கேட்டேன்.

"பதினோராவது வருஷம் என்ன செய்வீங்க ஐயா?"

"எனக்கு இப்பவே எழுபத்து நாலு. பதினோராவது வருஷம் என் கவலை இல்ல."

"பக்கத்து வீட்டுக் குழந்தையோட கவலை," என்றாள். "உள்ள இருந்தப்ப இவர் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. வாயைத் திறக்காம இருக்கிறது. அதே பழக்கத்தோட வெளிய வந்தா திரும்பவும் கதவைச் சாத்திக்கிட்டுக் கணினி முன்னாடிதான் உக்காருவார். இங்க அதை உடைக்கிறோம்."

உடைக்கிற முறையும் விசித்திரமானதுதான். எந்த நேரத்தில் சபலம் தலை தூக்கியது, அப்போது என்ன செய்தான் என்று ஒவ்வொரு வாரமும் அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியப்பாவிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அவனும் வியர்த்தான், நானும் வியர்த்தேன். குழந்தைகளோடு அவன் தனியாக இருக்கக் கூடாது. வீட்டுக்குக் குழந்தைகளை அழைத்து வரும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இந்தப் பெண் பேச்சை மாற்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகன் 'வெளிநாட்டிலிருந்து திரும்பியதற்காக' தம்பி மனைவி விருந்து வைத்தாள். என் தங்கையும் அவள் கணவரும் பேத்தியோடு வந்தார்கள். இந்த மாப்பிள்ளைக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் தூக்குமேடை. பஸ் டெப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாட்டின் எல்லா வழக்குகளையும் சாய்வு நாற்காலியிலிருந்தே விசாரித்துத் தீர்ப்பு வழங்குவார். சாப்பிட்டு முடித்த நேரத்தில், இதே மாதிரி ஒரு வழக்கில் யாரோ கைதானதாகத் தொலைக்காட்சியில் செய்தி ஓடியது.

"இவனுங்களுக்கு விசாரணை ஒரு கேடா? நடுரோட்டுல தொங்க விடணும்! கயிறு நான் வாங்கித் தரேன்," என்றார் மாப்பிள்ளை.

"நூத்துல ஒரு பேச்சு மாப்பிள்ளை!" என்றான் தம்பி. எங்கள் வீட்டில் இவ்வளவு உரத்த குரலில் யாரும் ஆமோதித்து நான் கேட்டதில்லை.

கயிற்றுக்கு ஏற்பாடு செய்து முடித்த மாப்பிள்ளை, என் தம்பி மகன் பக்கம் பாசத்தோடு திரும்பினார். "நீ வெளிநாடு போய்ப் படிச்சு வந்தவன். பேத்திக்குப் புது டேப்லெட் வாங்கியிருக்கேன். இங்க ஒரே சத்தம். மாடி ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் நிதானமாச் சொல்லிக் குடு. இனிமே ஞாயித்துக்கிழமைதோறும் கொண்டாந்து விட்டுடறேன்."

குழந்தைக்கு எட்டு வயது. முன்பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டு, டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்தபடி மாடிப்படியில் ஏறி நின்றாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரிடா, மாமா கேக்குறாருல்ல!" என்று அவன் அம்மா அதட்டினாள். பெற்ற தாய், எல்லாம் தெரிந்தவள். மகனைத் தட்டி எழுப்பி அந்தக் குழந்தையோடு மாடிக்கு அனுப்பப் பார்த்தாள். குடும்ப மானம் என்றால் லேசா?

"அவனுக்குத் தலைவலி," என்றேன் நான்.

"சரி மச்சான், அப்ப அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

என் பொய்யின் விலை ஒரு வாரம்தான்.

"அடுத்த வாரமும் முடியாது மாமா," என்றான் அவன். "பாப்பாவை வெளிய அனுப்புங்க. சொல்றேன்."

தங்கை அவளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். அவன் சொன்னான். வெளிநாடு போகவில்லை, ஜெயிலுக்குப் போனேன், இன்ன காரியத்துக்காக. மூன்று வாக்கியம்.

மாப்பிள்ளை தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாடம் எடுக்கச் சோம்பேறித்தனம், அதுக்கு இப்படி ஒரு கதையா! உங்க பையன் பெரிய ஆளுதான்!"

"சும்மா விளையாடுறான் அண்ணே," என்று தம்பி மனைவியும் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். அந்தப் பயல் மட்டும் சுவர் ஓரமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எங்கள் குடும்பத்தின் கௌரவம் அவ்வளவு உறுதியானது. குற்றவாளியே ஒப்புக்கொண்டாலும் எடுபடவில்லை. இனி அவன் தலையால் தண்ணீர் குடித்தாலும் நம்பமாட்டார்கள். அந்தக் குழந்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறத்தான் போகிறாள்.

அந்த வீட்டில் மறுபேச்சில்லாமல் நம்பப்படும் வாய் ஒன்றுதான் உண்டு. எழுபத்து நாலு வருடம் பத்திரமாக வைத்திருந்த வாய்.

"அவன் சொல்றது நிஜம், மாப்பிள்ளை," என்றேன். "வாராவாரம் நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

சிரிப்பு நின்றது. கயிறு வாங்கித் தருவதாகச் சொன்னவர் கடைக்குக் கிளம்பவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தோட்டத்துக்குப் போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுக் குழந்தையைத் தூக்க அவரால் முடியாது. ஆனாலும் தூக்கிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்.

குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டேனாம். தம்பி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி என்னைப் பற்றி மட்டும் பேசுகிறாள்.

வாரக் கடைசியில் மாப்பிள்ளை போன் செய்தார். "அந்த எடத்துக்கு வெளியாளு வரலாமா மச்சான்?"

வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஆலோசகரிடம், "இவனைத் தூக்குல போடணும்னுதான் இப்பவும் சொல்வேன்," என்றார்.

"சொல்லுங்க ஐயா. அவர்கிட்ட ஏதாவது கேக்கணும்னா அதையும் கேளுங்க."

மாப்பிள்ளை அவனைப் பார்க்காமலே கேட்டார். "என் பேத்தி போட்டோ உன்கிட்ட இருந்துச்சா?"

"இல்ல மாமா."

"நான் எப்படிடா நம்புறது?"

"நம்ப வேண்டாம் மாமா. வந்து கேட்டுக்கிட்டே இருங்க."

மாப்பிள்ளை ஒரு நாற்காலியை இழுத்து, அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு. நேத்து ராத்திரி ரூம் கதவு திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"