துரியோதனனின் தொடை

திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லுக்குப் பின்னால் ஒரு பூவரச மரம் இருந்தது. அதில் பூவைவிடத் தூளிதான் அதிகம். மில்லில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கும் சேரிப் பெண்களான நாங்கள் எல்லோரும் கைக்குழந்தைகளை அந்தக் கிளைகளில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். மரத்தைச் சுற்றிப் புறம்போக்குத் திடல். மில் தொலியைக் கொட்டும், மேலத்தெரு குப்பையைக் கொட்டும், கீழத்தெரு உடைந்த சட்டியைக் கொட்டும். யாருக்கும் வேண்டாத இடம் என்பதால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே தூங்கக் கிடைத்தது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் பஞ்சாயத்து போர்டு ஆபீசிலிருந்து தண்டோரா போட்டார்கள். பொதுக் காரியம் எதுவும் நடக்காத அந்தத் திடலை, ஆடி பிறந்ததும் மில்லுக்கே குத்தகைக்கு விடப்போகிறார்களாம். மல்லாட்டை காயவைக்கக் களம் போட மரத்தை வெட்டிவிடுவார்கள். என் மகளுக்கு அப்போது தலைகூட நிற்கவில்லை. எங்களோடு மல்லாட்டை உடைக்கும் அம்சவள்ளிக்கும் கைக்குழந்தைதான். ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை.

"பொதுக் காரியம் இல்லன்னுதானே புடுங்குறாங்க? பெருசா ஒண்ணு பண்ணிக் காட்டுவோம்" என்றாள்.

மறுநாள் காலையில் மேலத்தெருவுக்குப் போய், திரௌபதை அம்மன் கோயில் தருமகர்த்தா தேவநாதன் வீட்டெதிரே நின்றாள். நாங்கள் அவரை எஜமான் என்கிற கணக்கில் 'ஆண்டே' என்போம். இவள் 'ஐயா' என்பாள். அது அவருக்கு உறுத்தும்; இவள் கண்டுகொள்ள மாட்டாள்.

"ஐயா, பழைய படுகளத்துல வூடு கட்டிட்டதால பாரதக் கூத்து நின்னு கெடக்குதே. மில்லுத் திடல்ல துரியோதனனப் படுக்க வையுங்க. குப்பைய நாங்க வாரித் தர்றோம்."

கூத்து நின்றது அவருக்கும் மானக்குறைவாகத்தான் இருந்தது. "வாரிட்டு ஒதுங்கி நிக்கணும். உருவத்த யாரும் தொடக் கூடாது" என்றார்.

"நீங்களா கூப்புடுற வரைக்கும் தொட மாட்டோங்க" என்றாள் அம்சவள்ளி.

கூத்தின் கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்; அதுதான் படுகளம். தென்னை மர நீளத்துக்குக் கிடப்பான். அவன் தொடைக்குள் குங்குமம் கரைத்த பானையைப் புதைப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் அடித்ததும் சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தலை முடிவாள்.

திடலைச் சுத்தம் செய்தோம். தொலி செங்கல் சூளைக்குப் போயிற்று. மக்கிய குப்பை கேப்பைக் கொல்லைகளுக்குப் போயிற்று. படுகளத்தன்று விடிந்ததும் மேலத்தெருக்காரர்கள் தலைப்பக்கத்திலும், கீழத்தெருக்காரர்கள் கால்பக்கத்திலும் வேலையைத் தொடங்கினார்கள். அம்மன் தேர் வடத்தை யார் முதலில் பிடிப்பது என்று முறைத்துக்கொண்டதிலிருந்து இரண்டு தெருவுக்கும் பேச்சில்லை. மேலத்தெரு கிரீடமும் மீசையும் வைத்து இடுப்போடு நிறுத்திக்கொண்டது. கீழத்தெரு பாதத்துக்குத் தண்டை போட்டு முழங்காலோடு நிறுத்திக்கொண்டது. தொடை எதிர்த்தெருவின் பொறுப்பு என்று இருவருக்கும் நினைப்பு. கேட்டுவிடலாம்தான். கேட்டால் முதலில் பேசினதாக ஆகிவிடுமே!

மத்தியானம் பூசாரி குங்குமப் பானையோடு வந்தார். தொடை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"இத எங்க வெக்கிறது?" என்றார் பூசாரி.

அதன் பிறகு இரண்டு தெருவும் நன்றாகவே பேசிக்கொண்டன. அந்தப் பேச்சை எழுத முடியாது. மேலத்தெரு தன் மண்ணையெல்லாம் மீசையில் செலவழித்திருந்தது. கீழத்தெருவிடம் ஒரு கூடைகூட மிச்சமில்லை. திடலில் பொதுக் காரியம் நடக்கிறதா என்று பார்க்கப் போர்டு ஆபீசர் ஏற்கெனவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தேவநாதன் பூவரச மரத்தைப் பார்த்தார். அங்கே வைக்கோல் போட்டு மிதித்த களிமண் குவியலாக இருந்தது. பக்கத்தில் சேறு படிந்த கால்களோடு நாங்கள் நின்றோம். தொடையை ஒருவரும் தொடவில்லை என்பதைக் காலையிலேயே பார்த்துவிட்ட அம்சவள்ளி, சத்தமில்லாமல் எங்களை வைத்துப் பள்ளம் தோண்டி மண் மிதித்து வைத்திருந்தாள்.

அவரே நடந்து வந்தார். "அம்சவள்ளி, அந்த மண்ணக் குடு."

"மண்ணு தனியா வராதுங்க ஐயா. கையும் சேந்துதான் வரும்."

அவர் இரண்டு தெருவையும் திரும்பிப் பார்த்தார். "சரி, இந்த ஒரு தபா செஞ்சிட்டுப் போங்க."

"ஒரு தபான்னா வேணாங்க. வருசா வருசம் தொடை எங்களுது. ஆபீசர் முன்னால சொல்லுங்க."

பீமன் வேஷக்காரர் தாங்க முடியாமல், "ஜல்தியா சொல்லிடுங்க, கிரீடம் தலைய அழுத்துது" என்றார்.

தேவநாதன் ஆபீசர் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "தொடை சேரிக்காரங்களுது. வருசா வருசம்."

நாங்கள் இறங்கினோம். எங்கள் தொடையைப் போல ஒரு தொடையை இந்த ஜில்லா பார்த்திருக்காது. எங்களில் மாதா கோயிலுக்குப் போகிற லூர்துமேரி மல்லாட்டைத் தொலியை ஈர மண்ணில் வரிசையாக அழுத்திப் பட்டுக்கரை வைத்தாள். வெயிலில் அது சரிகையாகவே மின்னியது. மேலத்தெருப் பெண்களே கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். பீமன் அடித்தார். சிவப்புத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அந்த வருஷம் குத்தகைப் பேச்சே எழவில்லை. நாங்கள் மண் எடுத்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று குட்டையாயிற்று. துரியோதனனைக் கலைத்த மண்ணைக் கரையாகப் போட்டு, மூன்று தெருவும் சேர்ந்து பூவரசங்கிளை வெட்டிய போத்துகளை நட்டோம். சாயங்காலமானால் கரையில் உட்கார இடம் கிடைக்காது.

அடுத்த வருஷம் மில் குமாஸ்தா அளக்கிற சங்கிலியோடு வந்தார். பாதித் திடலாவது வேண்டுமாம். குட்டைக்கரையில் உட்கார்ந்திருந்த தேவநாதன் எழுந்திருக்கவில்லை.

"எந்தப் பாதி வோணும்? தலை எங்களுது. காலு கீழத்தெருவுது. நடுவுல இருக்கிறதுக்கு அம்சவள்ளியத்தான் கேக்கணும். அதோ நிக்குது பாருங்க."

அவள் லூர்துமேரியின் குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருந்தாள். குமாஸ்தா பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார்.

"புள்ள தூங்குது. மெதுவாப் போங்க" என்றாள்.

அவர் சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து போனார்.