ஞானசெல்வி எழுதிய ஏழாம் விதி

வடகீழ்ப் பருவத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்து, முகில்கள் கடல்மேல் விலகி நிற்க, மேற்கே சாய்ந்த கதிரவன் தன் மஞ்சள் ஒளியை இராயபுரத்துக் கூரைகள்மேல் பரப்பிக்கொண்டிருந்த ஐப்பசித் திங்களின் ஒரு பிற்பகல் அது. கிழக்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் கழுத்தை நீட்டிக் கப்பல்களின் வயிற்றைத் துழாவிக்கொண்டிருந்தன; அவை இறக்கிவைத்த இரும்புப் பெட்டகங்களைச் சுமந்த நெடிய ஊர்திகள், எண்ணூர் நோக்கிய சாலையில் ஒன்றன்பின் ஒன்றாய் நாழிகைக் கணக்கில் அசையாது நின்றன; வடக்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வானில் சாம்பற்கோடு இழுத்தன; காசிமேட்டு மீன்துறையில் எழுந்த உப்பும் மீனும் எரிநெய்யும் கலந்த மணம், கல்மண்டபத்துக் கடைத்தெரு வரை வந்து, அங்கே வேகும் இட்டிலியின் ஆவியோடு கலந்து திரிந்தது. நாற்றம் என்று மூக்கைப் பொத்துவோர் பொத்திக்கொள்ளட்டும்! அம்மண்ணிற் பிறந்தோர் வேற்றூரில் நான்கு நாள் தங்கினால் அந்த மணத்தைத் தேடியே ஏங்கிப் போவார்கள்.

அவ்வூரின் ஒரு மூலையில், பாசி படர்ந்த மதில் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தில், இளைஞரும் இளம்பெண்டிருமாகப் பதினெண்மர், சுண்ணாம்பு வாளிகளும் மட்டைத் தூரிகைகளும் ஏந்திக் குனிந்தும் நிமிர்ந்தும் பணிசெய்துகொண்டிருந்தனர். அவர்கள் விடிவெள்ளி அன்னை கோவிலின் இளையோர் மன்றத்தார். இறந்தோரை நினைக்கும் திருநாள் நெருங்கும்போது, உற்றார் உள்ளோரின் கல்லறைகள் பூவும் மெழுகுத்திரியும் பெற்றுப் பொலியும். கேட்க ஆளில்லாதோரின் கல்லறைகளோ புல் மண்டிக் கிடக்கும். அவற்றைத் தேடித் தேடிப் புல் களைந்து, வெள்ளை பூசி, மங்கிய பெயர்களின்மேல் கருமை தீட்டி வைப்பது அம்மன்றத்தாரின் நெடுநாளைய வழக்கம். அக்கூட்டத்தின் நடுவே, முந்தானையை இடுப்பிற் செருகி, முழங்கை வரை சுண்ணாம்பு அப்பியிருக்க, 'அங்கே ஒன்று விட்டுப்போயிற்று, இங்கே ஒன்று விட்டுப்போயிற்று' என்று ஓயாமல் ஏவிக்கொண்டிருந்தவள்தான் நம் ஞானசெல்வி. சரக்குநிலையம் ஒன்றில் எழுத்தர், மன்றத்தின் செயலாளர், வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முப்பத்தைந்து அகவை நிறைகிறது.

நிறைந்தால் என்ன, வாழ்த்திவிட்டுப் போகலாமே என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது இடர்! மணமானோரும், முப்பத்தைந்து அகவை நிறைந்தோரும் மன்றத்தினின்று நீங்குதல் வேண்டும் என்பது அம்மன்றத்தின் ஏழாம் விதி. மணமாகி நீங்குவோர்க்குக் குறையொன்றும் இல்லை. கோவில் வாயிலில் மன்றத்தார் இருமருங்கும் நின்று வாழ்த்துப் பாட, மகளிர் அவையின் தலைவி பூவம்மா முன்வந்து மணமகளின் கையைப் பற்றித் தம் வரிசையில் அமர்த்திக்கொள்வார். அவ்வாறு இருபத்தெட்டுத் தோழியர்க்கு முன்னின்று பாடியவள் ஞானசெல்வி. தந்தையின் நோய், தம்பியின் படிப்பு, பெண் பார்க்க வந்தோரின் பேராசை என ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, அவளுக்கென அப்பாடல் ஒலிக்காமலே ஆண்டுகள் உருண்டுவிட்டன. மகளிர் அவையிலேனும் ஓர் இடம் கிடைக்குமா என்று சென்ற திங்கள் பூவம்மாவிடம் வாய்விட்டே கேட்டாள். "கல்யாணம் ஆவட்டும் கண்ணு, நானே கையப் புட்சி இட்டுக்கினு போறேன்" என்றார் அந்த அம்மையார். அன்பாகத்தான் சொன்னார், ஆயினும் அன்றிரவு ஞானசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. வரும் ஞாயிற்றுக்குப் பிறகு இளையோர் வரிசையும் இல்லை, மகளிர் வரிசையும் இல்லை. திருப்பலிக்கு வந்தால் எங்கே சென்று அமர்வது?

சுண்ணாம்பு பூசும் கை பூசிக்கொண்டிருக்க, நெஞ்சம் பழைய நாட்களைத் துழாவியது. வைக்கோலும் பழுப்புத்தாளும் கொண்டு குடில் கட்டி, நட்சத்திர விளக்கு எரியாமல் அனைவரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற மார்கழி மாலைகள். பெரிய வெள்ளியன்று ஊருக்கெல்லாம் கஞ்சி காய்ச்சுகையில் உப்பை இருமுறை போட்டுவிட்டு, வாய் திறவாமல் அதையே ஊற்றிக்கொடுத்த கூத்து. புயலுக்குப் பின் கழிமுகமெங்கும் எண்ணெய்ப் படலம் மிதக்க, முகத்துவாரக்குப்பத்து மீனவரோடு நின்று வாளி வாளியாய் அந்தக் கரிய குழம்பை அள்ளிய நாட்கள். அக்குப்பத்துக் குப்பம்மா, "ஏம்மா, உங்க சாமி எங்க சாமின்னு பாத்துக்கினா இந்த கலீஜ் போயிடுமா? வாங்க, மொத சோறு துன்னுங்க" என்று மீன்குழம்பு ஊற்றிய அந்த உச்சிவேளையை நினைத்தால் இன்றும் அவள் நாவில் நீர் ஊறும். ஐயோ, எத்தனை இனிய நாட்கள்! அவையெல்லாம் ஒரு ஞாயிற்றோடு முடிந்துபோவதா?

அப்போது மன்றத் தலைவன் பிரகாஷ், இருபத்துமூன்று அகவை இளைஞன், தோழர் சூழ அவளருகே வந்து நின்றான்.

"யக்கா, கோச்சிக்காம கேளு. ஞாயித்துக்கெழம கூட்டத்துல அந்த ஏழாவது ரூல எடுத்துடப் போறோம். நீ எங்கியும் போவ வேணாம். எல்லாரும் கைதூக்க ரெடியா கீறாங்க" என்றான். பின்னர்ச் சிரித்துக்கொண்டே, "எந்தக் கேன எழுதி வெச்சுதோ தெர்ல! முப்பத்தஞ்சி ஆனா மனுசன் கெழவனா?" என்றும் கூட்டினான்.

சூழ நின்றோர் நகைத்தனர். ஞானசெல்வியும் நகைத்தாள், ஆயினும் அவர்கள் முகத்தை நோக்காமல் குனிந்து தூரிகையைச் சுண்ணாம்பில் தோய்த்தாள். ஏனெனில், அந்த விதியை எழுதியவள் அவளே.

பதினேழு ஆண்டுகளுக்கு முன், அவள் பதினெட்டு அகவைக் குமரி. மன்றத்தின் தலைவர் அன்று இன்னாசி. முப்பத்தெட்டு அகவையும் நிறைந்து மணமாகாதவர். மீன்துறையில் பனிக்கட்டி ஆலையில் வேலை. மன்றமே தம் குடும்பம் என்று கிடந்தவர். அவ்வாண்டு பெருமழையில் புளியந்தோப்பு இடுப்பளவு நீரில் மூழ்கியபோது, உணவுப் பொட்டலங்களை ஆண்பிள்ளைகள் கொண்டுசெல்லட்டும், பெண்பிள்ளைகள் கோவிலில் இருந்து கட்டித்தந்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். ஞானசெல்விக்கு வந்ததே சினம்! நேருக்கு நேர் நின்று வழக்காடியிருக்கலாம். அவள் அது செய்திலள். 'இளையோர் மன்றத்தில் கிழவருக்கு என்ன வேலை' என்று தோழரைக் கூட்டி, குறிப்பேட்டில் ஏழாம் விதியைத் தன் கையாலேயே எழுதி, அடுத்த கூட்டத்தில் அவர் எதிரிலேயே படித்து முன்மொழிந்தாள். பதினெட்டில் நிற்பவளுக்கு முப்பத்தைந்து என்பது எட்டவே எட்டாத தொலைவு அல்லவா! கைகள் உயர்ந்தன. இன்னாசி அதனைக் கேட்டார், "சரிதான்" என்றார், மன்றக் கூடத்தின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். வாழ்த்துப் பாடல் மணமக்களுக்கு உரியது என்பதால் எவரும் பாடவில்லை. அவரை அழைத்து அமர்த்திக்கொள்ள வேறு வரிசையும் இல்லை. அதன்பின் கடைசி இருக்கையில் அமர்ந்து திருப்பலி கண்டு செல்லும் அவரைத் தெருவில் காணும்போதெல்லாம், ஞானசெல்வி மறுபுறம் கடந்துபோவதையே வழக்கமாக்கிக்கொண்டாள்.

இனி அவ்வாறு கடந்துபோக அவளால் இயலவில்லை. மறுநாள் நண்பகலில் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காசிமேட்டுப் பனிக்கட்டி ஆலையின் வாயிலில் போய் நின்றாள். உள்ளே இன்னாசி, ஐம்பத்தைந்து அகவையிலும் தோள் தளராதவராய், ஆள் நீளப் பனிப்பாளங்களை இரும்புக் கொக்கியால் இழுத்து அரவைப்பொறியின் வாயில் தள்ளிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பொறியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, இந்தாண்ட வந்துகீற? வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறாங்கண்ணா. நான் உங்கள பாக்கத்தான் வந்தேன். அந்த ஏழாவது ரூலு... அத்த எழுதுனது நான்தான்."

"தெரியுமே. என் எதுர்ல குந்திக்கினுதான படிச்ச."

"தப்புண்ணா. பொண்ணுங்கள தண்ணில எறங்க உடலன்னு கோவம். உங்ககிட்ட சண்ட போட்டிருக்கணும். வெளிய தள்ளியிருக்கக் கூடாது. பதினேழு வருசமா வாயத் தொறந்து சொல்லாம இருந்துட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள்.

இன்னாசி கொக்கியைத் தரையில் ஊன்றி நின்றார். உருகும் பனிநீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"வலிச்சிதும்மா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆச்சின்னா மன்றக் கூட்டத்துக்குன்னு காலு தன்னால கோயிலாண்ட போவும். பாதித் தெரு போயி திரும்பிடுவேன். எத்தினியோ நாளு அப்டி. ஆனா, பொண்ணுங்கள எறங்க உடாதது என் தப்பு. அத்த நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல, இப்ப சொல்றேன்."

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஞானசெல்வி மற்றதையும் சொன்னாள். தனக்கும் முப்பத்தைந்து நிறைவதையும், பிள்ளைகள் விதியை நீக்கத் துணிந்ததையும் கூறி, "நான் வேணான்னு சொல்லப் போறேண்ணா. உங்களுக்குக் கெடைக்காதது எனக்கும் வேணாம். நானே எழுதுனது, நானே வெளிய போறேன்" என்றாள்.

கொக்கியைத் தரையில் போட்டார் இன்னாசி. அதுவரை இல்லாத சினம் அப்போது அவர் முகத்தில் ஏறியது.

"அன்னிக்கி என்ன வெளிய போவச் சொல்லி எழுதுன. இன்னிக்கி உன்னியே வெளிய போவச் சொல்லி எழுதப் போறியா? அந்தக் கைக்கு வேற வேலையே தெரியாதா?"

அவள் குனிந்து கொக்கியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அப்ப நீங்களும் வாங்கண்ணா, ஞாயித்துக்கெழம" என்று கெஞ்சினாள்.

"வேணாம்மா. எனக்குப் போனது போனதுதான். அந்த வயசு திரும்பி வருமா? அடுத்து ஒருத்தருக்குப் போவாம பாத்துக்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு, இன்னாசி பொறியை மீண்டும் ஓட்டினார். படகுகள் பனிக்கட்டிக்காகக் காத்திருந்தன.

ஞாயிறு மாலை கூடம் நிறைந்தது. பழைய குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மறைக்காமல், குறைக்காமல், நடந்தது அனைத்தையும் ஞானசெல்வி அவர்கள்முன் உரைத்தாள். கல்லறைத் தோட்டத்தில் விளையாட்டாய்ச் சொன்ன சொல்லை நினைத்துப் பிரகாஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அக்கா, அது..." என்று தொடங்கியவனைக் கையமர்த்தி, "நீ சொன்னது சரிதான்டா, கேனதான் எழுதுச்சி" என்றாள், அழுகையினூடே கூடம் சிரித்தது. பின்னர் ஏழாம் விதியைத் தன் கையாலேயே அடித்து, 'இம்மன்றத்தினின்று எவரும் தாமே விடைபெறும் நாள்வரை, அவரை விடைகொடுத்து அனுப்புதல் ஆகாது' என்று அதன் கீழே எழுதினாள். பதினெட்டுக் கைகளும் உயர்ந்தன. அவள் தான் விரும்பிய இடத்திலேயே இருந்தாள். ஆயினும் முழுமகிழ்ச்சி என்று அதனைச் சொல்லிவிட முடியாது.

மற்றவர் தேநீர் அருந்த எழுந்த பின்னும் அவள் எழவில்லை. எவரும் முன்மொழியாத, எவரும் வழிமொழியாத இரண்டு வரிகளை அந்த ஏட்டின் அடியில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்: 'பதினேழு ஆண்டுகளுக்கு முன் மன்றத்தை விட்டு நீங்கிய தலைவர் இன்னாசிக்கு அன்று எவரும் நன்றி சொல்லவில்லை. சொல்லாமற் போனது எம் பிழை.'

அன்பிற்குரியீர், இளமையின் சினம் ஒரு நொடியில் எழுதிவிடுகிறது. அதனைத் திருத்த வருந்தும் கைக்கு ஓர் இளமைக்காலமே செலவாகிவிடுகிறது. ஏட்டில் எழுதியதை அடிக்கலாம், மாற்றி எழுதலாம். பாதித் தெருவில் திரும்பிப் போன அந்த மனிதரின் ஞாயிற்று மாலைகளை மட்டும் எவராலும் மீட்டுத்தர இயலவில்லை.